தான் தின்னாத மீனை விற்காதவள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தேசம்மாவின் மருமகள் கலா. "சிஸ்டர், மாமி பூட்டாங்க" என்றாள். விடியலில் மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வந்து, கூழ் குடித்து, சற்றே சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். மீன் வாடைக் கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதேன். அழுகையின் நடுவே சிரிப்பும் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்றபோதும் அந்தச் சங்கராவை முந்தின நாள் என் தலையில் கட்டியவளே அவள்தான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் தேசம்மாவைத் தெரியாதவர் இல்லை. அவளிடம் மீன் வாங்கியவர்கள், திட்டு வாங்கியவர்கள், இரண்டும் வாங்கியவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரைப் பற்றியோ எழுதுவது போல இருந்தது. என்னைவிட ஏழு வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் அவளாகவே இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே கிராம சுகாதாரச் செவிலியாகச் சேர்ந்தேன். சில ஆண்டுகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் வருமுன் கண்டறியும் முகாம்கள் தொடங்கின. கருப்பையின் வாயில் புளித்த திரவம் ஒன்றைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கடித்துப் பார்ப்போம். வெள்ளைத் திட்டு தெரிந்தால் செங்கல்பட்டில் மேல்பரிசோதனை. அவ்வளவுதான். எங்கள் குப்பத்தின் முதல் முகாமைப் பால்வாடிக் கட்டடத்தில் காலை பத்து மணிக்கு வைத்தேன். டாக்டரம்மாவும் நானும் மதியம்வரை ஈ ஓட்டினோம்.

கூடையோடு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த தேசம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "மீனு விக்கிற நேரத்துல கூப்ட்டா எவ வருவா? மூணு மணிக்கு வையி. அப்பதான் எல்லாம் குளிச்சிட்டு குந்திகினு இருப்பாளுங்க" என்றாள். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் மூன்று மணிக்கு வைத்தேன். வந்தார்கள். டீ குடித்தார்கள், பிஸ்கட் தின்றார்கள், ஒருத்தியும் எழுந்து திரைக்குப் பின்னால் வரவில்லை. உள்ளே போனால் நோய்க்காரி என்று பேர் வந்துவிடும் என்ற பயம். எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் விஷயமே என்று நான் தொண்டை வறளப் பேசினேன். பின்வரிசையிலிருந்து தேசம்மாவின் குரல் வந்தது.

"நர்சம்மா, இம்மா நேரம் பேசுறியே, நீ பாத்துக்கினியா?"

 முப்பத்தெட்டு வயது, மற்ற ஊர் முகாம்களில் எத்தனையோ பெண்களுக்கு விளக்குப் பிடித்தவள், நான் பார்த்துக்கொண்டதே இல்லை. "எனக்குத்தான் எந்தத் தொந்தரவும் இல்லையே" என்று சொல்லித் தொலைத்தேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஊருக்குத்தான் உபதேசமா? நானு தின்னாத மீனை இந்நாள்வரைக்கும் கூடையில வச்சதில்ல. மொதல்ல நீ அந்த மேசையில ஏறு" என்றாள் தேசம்மா.

ஏறினேன். டாக்டரம்மா வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "சின்னதா ஒரு திட்டு இருக்கும்மா" என்றார்.

திட்டு என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல என்பதை நான் நூறு முறை பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று அதில் ஒரு சொல்லும் எனக்கு உதவவில்லை. என் மகள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம்தான் கண்ணில் நின்றது. அதோடு இன்னொரு பயமும் இருந்தது. நர்சுக்கே இருக்கிறது என்று தெரிந்தால் வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் ஓடிவிடுவார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம் என முடிவு செய்தேன். அதற்குள் திரையை விலக்கிக்கொண்டு தேசம்மா வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துபோயிற்று. நானும் மறைக்கவில்லை.

"வெளிய போயி பொய் சொல்லாத. அழுவுன மீனை நல்ல மீனுன்னு வித்தா, அப்பால அவ நம்ம கூடைய திரும்பிப் பாப்பாளா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்து உள்ளதைச் சொன்னேன். எனக்குத் திட்டு இருக்கிறது, வியாழக்கிழமை செங்கல்பட்டு போகிறேன், இப்போதே தெரிந்ததால் சரிசெய்துவிடலாம் என்று சொன்னேன்.  யாரும் ஓடவில்லை. தேசம்மா இடுப்பில் செருகியிருந்த சும்மாட்டுத் துணியைப் பக்கத்திலிருந்தவளின் மடியில் போட்டுவிட்டு, "நவுரு, நானு போறன்" என்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது, "எனக்கு ஒண்ணும் இல்லியாம்!" என்று அவள் போட்ட சத்தம் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்களுக்கும் கேட்டிருக்கும். அன்று பதினோரு பேர் பார்த்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை என்னோடு பஸ் ஏற வந்தவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு எதற்கக்கா பட்டு என்று கேட்டேன். "கல்யாணத்துக்குப் போறாப்புல போனாதான் நல்ல சேதி வரும்" என்றாள். சிறு துண்டெடுத்துச் சோதித்ததில் நல்ல சேதிதான் வந்தது. புற்றுநோய் அல்ல, அதற்கு முந்தைய மாற்றம். அடுத்த முறை போனபோது அந்த இடத்தை மட்டும் உறையவைத்து நீக்கினார்கள். எப்படிச் செய்தார்கள் என்று நான் விளக்கியதும் அக்காவுக்கு ஒரே குஷி. "அப்ப உனக்கு ஐஸ் வச்சாங்க. ஐஸ்ல வச்ச மீனே கெடாது, நீயா கெட்டுடப் போற?" என்று பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் என் உயிர் திரும்பி வந்தது.

அதன் பிறகு எந்த முகாமும் அவள் இல்லாமல் நடக்கவில்லை. ஒருமுறை திரவப் பாட்டில் என் கையிலிருந்து விழுந்து உடைந்துவிட்டது. வரிசையில் பெண்கள் காத்திருந்தார்கள். "அது இன்னா, காடி மாதிரிதான நாறுது?" என்றவள், மாமல்லபுரத்தில் தான் இறால் கொடுக்கும் வெள்ளைக்காரர் ஓட்டலிலிருந்து ஒரு வினிகர் பாட்டிலோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். டாக்டரம்மா லேபிளைப் படித்து, அளவு சரிதான் என்றார். முகாம் நடந்தது. பரிசோதனை முடிந்து வந்த ஒருத்தியிடம், "கொஞ்சம் வெங்காயமும் போட்டிருந்தா சாலட்டு" என்று சொல்லி அடி வாங்கினாள்.

பெண்பிள்ளைகளுக்கு இதற்கென்று தடுப்பூசியே வந்துவிட்டது என்று போன வருடம் சொன்னேன். "அப்ப உன் லைட்டு வேல பூடுச்சா?" என்று கேட்டாள். ஊசி போட்டாலும், வயது வந்தபின் பரிசோதனையும் வேண்டும் என்றேன். "நல்லதாப் போச்சி, உன்ன வேலைய வுட்டுத் தூக்க மாட்டாங்க" என்றாள். பேத்தி பத்து வயதைத் தொட்டதும் ஊசி போட்டாக வேண்டும் என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்தோம். கலாவுக்கு முப்பது தாண்டிவிட்டது, மாமியார் எத்தனை முறை கூப்பிட்டும் சாக்குச் சொல்லித் தப்பித்தவள். இனியாவது வா என்று அவளிடம் நான் பேச்செடுத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க இந்தத் தபா பாத்துக்கினீங்களா சிஸ்டர்?"

நாள் தள்ளிப் போட்டிருந்தேன். மறுபடியும் மாட்டிக்கொண்டேன். துக்க வீடு என்பதையும் மறந்து எல்லோரும் சிரித்தோம், கலாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். இனி எந்தப் பெண்ணிடம் பேசப் போனாலும் முதலில் அதை என்னிடம் கேட்டுக்கொண்டுதான் போவேன். போன வியாழக்கிழமை கலாவும் நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினோம். நான்தான் முதலில் மேசை ஏறினேன்.

பாத்துக்கினேன் அக்கா. எனக்கு ஒண்ணும் இல்லியாம். உன் மருமகளுக்கும் ஒண்ணும் இல்லியாம்.