அம்மாவின் கிளிப்

எட்டு வயதில் எனக்குத் தெரிந்த கிளிப் தலையில் மாட்டுவது ஒன்றுதான். அதனால் பள்ளியில் ஒரு தோழி, “உங்கம்மா கிளிப்பு எங்கண்ணன்கிட்ட இருக்குலா” என்றபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அம்மா கோலா கெடா மீன் பசாரில் மீன் வெட்டினாள். தலை கலைந்துதான் வீடு திரும்புவாள். எங்கேயாவது விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

அன்று மாலை பெண்டாங்கிலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, நல்ல செய்தி சொல்பவளைப் போல, “ம்மா, உங்க கிளிப்பு என் கூட்டாளியோட அண்ணன்கிட்ட இருக்காம். வாங்கிட்டு வரவா?” என்றேன்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. அத்தை மாமாவைப் பார்த்தார். அப்பா மட்டும், “என்னா கிளிப்பு?” என்று கேட்டார்.

அவர்கள் வந்ததே அதைச் சொல்லத்தான் போலிருக்கிறது. மாமா தயங்கித் தயங்கி ஹேன்போனை எடுத்துக் காட்டினார். அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் எட்டிப் பார்த்தேன். அதில் ஓடிய படத்தில், பசாரில் அம்மா ஓர் ஆளைச் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதோடு முடிந்துவிட்டது.

“நாளையிலேர்ந்து பசாருக்குப் போவாத” என்றார் அப்பா.

“அதுக்கு முன்னால அவன் என்னா பண்ணான்னு கேக்க மாட்டீங்களா?”

“புள்ள முன்னால என்னா பேச்சு அண்ணி” என்று அத்தை அடக்கிவிட்டார்.

வகுப்புப் பையன்கள் அந்த வார்த்தையை என் காதுபடச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. வேலையில்லாததால் அம்மாவே என்னை அழைத்துப்போக வந்தாள். வாசலுக்கு வர வேண்டாம், முச்சந்தியிலேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவளும் அங்கேயே நின்றாள்.

ஒருநாள் வரும் வழியில் கேட்டாள்.

“நீயும் பாத்தியாம்மா?”

“ம்.”

“முழுசாவா?”

“முழுசாத்தான் பாத்தேன்.”

அவள் என் பக்கம் கையை நீட்டினாள்.

அந்த ஆள் அவள் இடுப்பில் கை வைத்ததற்குப் பிறகுதான் யாரோ படம் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார். கிளிப் என்பது நடந்ததில் ஒரு துண்டு மட்டுமே என்று எனக்கு அப்போது தெரியாது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நம்பி, அவள் நீட்டிய கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தேன்.