இரண்டாம் முறை கேட்காதவன்

அசோகன் ராயப்பேட்டையில் விக்டரின் செல்போன் கடையில் பழுது பார்ப்பவன். முன்பு வீடு அடையாற்றங்கரையில். இப்போது ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில். டிப்ளமா பாதியில் நின்றது. மீதியைக் கடையில் யாரும் வாங்க வராத ஒரு பழைய லேப்டாப்பில் தானாகவே கற்றுக்கொண்டான்.

கீழ் வீட்டு ஹாஜிரா பீக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்றை அவள் போனில் அவன்தான் போட்டுக் கொடுத்தான். தமிழும் ஆங்கிலமும் கலந்த செய்தி வந்தால் அது பாதியிலேயே வாயை மூடிக்கொள்ளும். மஸ்கட்டில் இருக்கும் மகன் உபைத் எழுதுவதெல்லாம் அப்படித்தான்.

"'அம்மா, இந்த மாசம்'னு ஆரம்பிக்கிறான் நைனா. அப்பால இன்னா சொல்றான்னே தெரியல."

அது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டால் திருத்தம் எல்லோர் போனுக்கும் போய்ச் சேரும். அசோகன் கோளாறு இருந்த இடத்தைத் தேடிப் பிடித்துத் திருத்தினான். அந்த நேரம் பார்த்து அடையாறில் ஒரு கம்பெனி, பட்டம் வேண்டாம், இப்படி ஏற்கப்பட்ட திருத்தம் ஒன்றைக் காட்டினால் வேலை என்றது.

அனுப்பினான். ஐரோப்பாவில் எங்கோ இருந்த பொறுப்பாளர் சில குறைகள் சொன்னார். ஒன்று விடாமல் சரிசெய்து, சோதித்துப் பார்த்து, மறுபடி அனுப்பினான். பிறகு பதிலே இல்லை.

"இன்னா மச்சி, வெள்ளக்காரன் இன்னா சொல்றான்?" என்பார் விக்டர்.

"பாத்துக்கினு இருப்பாருண்ணே."

"ஒரு வார்த்த கேளேன்டா! டெய்லி வந்து உயிர எடுக்கறவன் போனத்தான நாம மொதல்ல பாக்கறோம்?"

அசோகன் சிரித்து மழுப்பினான். அவன் அம்மா ஜானகி அபிராமபுரத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளை வளர்த்தவள். "ஒரு தபா கேட்டா கேள்வி. ரெண்டாம் தபா கேட்டா பிச்ச" என்பாள். கல்யாணப் பந்தியில்கூட அவன் மறுசோறு கேட்டதில்லை.

'நெடுநாளாக அசைவில்லை, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் மூடப்படும்' என்று ஓர் அறிவிப்பு வந்தது. பொறுப்பாளரை எச்சரிக்கிறார்கள் என்று நினைத்தான். தன் வேலைதான் முடிந்துவிட்டதே. பேசாமல் இருந்தான். திருத்தம் ஏற்கப்படாமலே மூடப்பட்டது. மூடியது மனிதர்கூட இல்லை, தானாக ஓடும் ஒரு நிரல்.

கொஞ்ச நாளில் வேறொருவன் அதே கோளாறுக்குத் திருத்தம் அனுப்பினான். அசோகன் அதை வரி வரியாகப் படித்தான். தன்னுடையதைப்போல நேர்த்தி இல்லை. ஆனால் அவன் "பார்த்தீர்களா? பார்த்தீர்களா?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டார். நினைவூட்டியதற்கு நன்றி என்று வேறு எழுதினார்.

அடையாறு கம்பெனியில் அசோகன் மூடப்பட்டதைத்தான் காட்ட முடிந்தது. நேர்காணல் எடுத்த பெண் கனிவாகத்தான் பேசினாள்.

"கோட் நல்லா இருக்கு. ஆனா அவங்க ஏத்துக்கலையே. ஏன் திரும்பக் கேக்கல?"

அந்த ஏசி அறைக்குள் அம்மாவை எப்படிக் கூட்டி வருவது?

"தோணல மேடம்."

அந்தத் திருத்தத்தோடு புதிய பதிப்பு வந்ததும் அவனே ஹாஜிரா பீயின் போனில் ஏற்றினான். அக்கா பொன்மணியும் கூட இருந்தாள். போன் இப்போது உபைத்தின் செய்தியை நிற்காமல் படித்தது: "அம்மா, இந்த மாசம் லீவ் கிடைக்கல. அடுத்த வருஷம் பாக்கலாம்."

ஹாஜிரா பீ இன்னொரு முறை படிக்கவைத்துக் கேட்டாள். பிறகு, "வரலன்னா போறான். முழுசா கேட்டேன்ல" என்றாள்.

"எங்க அசோகன் வேல பாயம்மா! நான் அப்பவே சொல்லல?"

"நானில்லக்கா. வேற ஆளு."

பொன்மணி தம்பியை முறைத்தாள். ஹாஜிரா பீ போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"யாரு பெத்த புள்ளயோ, நல்லா இருக்கணும். அஞ்சு வேள தொழுகையிலயும் அல்லாகிட்ட அவனுக்காவ கேட்டுக்கினே இருப்பேன்."

"கேளுங்க பாயம்மா" என்றான் அசோகன்.