அம்மா சொல்லாமல் விட்டது

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் ஊரவர்களுக்கும் மகளின் வணக்கம். இரண்டு பக்கம் நல்லதாக எழுதித் தரும்படி அண்ணா கேட்டார். முயற்சி செய்கிறேன்.

அம்மா கரம்பொனில் மூத்த பிள்ளையாகப் பிறந்து புளியங்கூடலில் வாழ்க்கைப்பட்டார். போரில் இடம்பெயர்ந்து வன்னியில் கொட்டில் கொட்டிலாக மாறித் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. அப்பா காலமான பிறகு புகையிலையும் வெங்காயமும் நட்டு எங்கள் இருவரையும் படிப்பித்தார். எதற்கும் குறை சொல்லி முறைப்பட்டதில்லை. அம்மாவைப் பற்றிப் பேசும் எல்லோரும் இதைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது.

மார்பில் கட்டி தட்டுப்பட்டபோதும் அம்மா முறைப்படவில்லை. அண்ணா கனடாவிலிருந்து வந்து கலியாணம் முடிக்கும் வரை ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு திருவிழா முடியட்டும் என்று இருந்தார். பிறகு வெங்காயம் கிண்டி எடுத்து முடியட்டும் என்று இருந்தார். நான் கண்டபோது அது புண்ணாகியிருந்தது.

"ஏனம்மா சொல்லேல்லை?"

"உனக்குப் படிப்பு, சோதினை எல்லோ, பிள்ளை."

வைத்தியர்கள் இயன்றதெல்லாம் செய்தார்கள். எட்டு மாதத்தில் அம்மா போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும், பல்கலைக்கழகப் படிப்பின் ஒரு பகுதியாக, யாழ்ப்பாணத்தில் ஒரு புற்றுநோய்த் தொண்டு நிறுவனத்தில் பயிலுனராகச் சேர்ந்தேன். "செத்த வீட்டு ஈரம் காயேல்லை, திரும்பவும் உந்த வருத்தத்துக்குள்ளையோ போறாய்?" என்று கேட்காதவர் இல்லை. முதல் இரண்டு கிழமையும் துண்டுப்பிரசுரம் மடித்தேன். அதை வாங்கிய பெண்கள், மார்பகம் என்ற சொல் வெளியே தெரியாதபடி இன்னொரு முறை மடித்தார்கள்.

பிறகு எங்கள் ஊரிலேயே ஒரு கூட்டம் வைத்தோம். நாற்பது கதிரை போட்டோம். ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கடை அம்மா தெய்வம். கடைசி மட்டும் ஒரு நோவு எண்டு வாய் திறக்கேல்லை" என்றார்.

"திறந்திருக்க வேணும்!" என்று கத்திவிட்டேன். "திறந்திருந்தால் இண்டைக்கு அவா இருந்திருப்பா!"

ஏழு பேரும் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். திரும்பும் பஸ்ஸில் எங்கள் பொறுப்பாளர், ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற பெண், கேட்டார்: "நீர் கதைக்க வந்தனீரோ, கத்த வந்தனீரோ?" அழுகைதான் வந்தது. வேலையை விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை, அந்த ஏழு பேரில் ஒருவராக இருந்த சித்தி தொலைபேசி எடுத்தார். அம்மாவின் கடைசித் தங்கை.

"பிள்ளை, எனக்கும் ஒண்டு கிடக்கு."

"எப்ப இருந்து?"

"மூண்டு மாதம் இருக்கும். திருவிழா முடியட்டும் எண்டு..."

"சித்தி, இப்பவே சீலையை மாத்துங்கோ. அடுத்த பஸ்ஸிலை வாறன்."

"இண்டைக்கு ஏலாது, வெள்ளிக்கிழமை எல்லோ."

"வெளிக்கிட்டு நில்லுங்கோ!"

வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆனால் வந்தார். பரிசோதனையில் அது புற்றுநோய்தான். சிறிய கட்டி, பரவவில்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். மருந்து இன்னும் ஏற்றுகிறார்கள். தலைமயிர் கொட்டிவிட்டது என்று என்னைத்தான் இப்போதும் ஏசுகிறார். தன் கதையையும் எழுதச் சொன்னவர் அவர்தான்.

இந்த மலரில் நோயின் பெயரைப் போட வேண்டாம், "சுகவீனம்" என்றால் போதும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும். எங்கள் அம்மா மார்பகப் புற்றுநோயால் இறந்தார்.

அம்மாவைப் பார்த்த வைத்தியர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணைக்கு நின்ற அயலட்டை வீட்டுப் பெண்களுக்கும், செத்த வீட்டைத் தங்கள் வீடாக நினைத்து நடத்திய எல்லோருக்கும் எங்கள் நன்றி. பெண்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எங்கள் பொறுப்பாளரும் இன்று வந்திருக்கிறார். சாப்பிட்டுக் கை கழுவியதும் உள்ளறைக்கு ஒவ்வொருவராக வாருங்கள். கதவைச் சாத்திக்கொள்வோம். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடேயே வாருங்கள். நான் கத்த மாட்டேன்.