பசையும் பாப்பா வயிறும்

மருந்துக்கடைக்காரனுக்கு ஊரு வயிறு பூராம் அத்துப்படி, தன் வாயி மட்டும் பிடிபடாது. சிவகாசிப் பக்கத்து ஆளு கதை சொல்றான், எப்படியும் வெடிக்கும்னு காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கீகளா? கையை எடுங்க. இது நமத்துப்போன வெடி. அண்ணாச்சி நாலு பேரு மாதிரி பேசிக் காட்டுவாரு, சிரிக்கலாம்னு வந்தவுகளும் கொஞ்சம் பொறுங்க. கைப்புள்ளைக்கு வயித்தோட்டம்னு ஆளுக்கொரு வைத்தியம் கேட்டு நொந்துபோனவுக மட்டும் இங்கன கிட்ட வாங்க.

பல்லு

விஸ்வநத்தத்துல வீட்டுல இருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுறவ செல்வி. ஒம்போது மாசப் பொம்பளப்புள்ள யாழினிய என் மருந்துக்கடைக்குத் தூக்கிட்டு வந்தா. கேப்பைக்கூழு குடிச்ச மட்டும் புள்ள நல்லாத்தான் இருந்திருக்கு. ரவைக்கஞ்சி, ரஸ்க்குன்னு ஆரம்பிச்ச பொறவு வெளுத்து, நாறி, எண்ணெய் மினுங்கப் போகுது. வயிறு பானை, கை காலு திரிக்குச்சி.

நானும் உப்புச்சர்க்கரைப் பொட்டலமாக் கொடுத்துக்கிட்டே இருந்தேன். “எடை ஏறலைத்தா, டாக்டரப் பாரு”ன்னு சொல்ல எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. கூட வந்த நாத்தனா பாக்கியம் சொன்னதை மூக்கால வாசிங்க, அப்பத்தான் அவுக கொரலு வரும்: “பல்லு வர்ற புள்ளைக்கு வயித்தால போகாம, காதாலயா போகும்?”

வடக்கத்தி நோவு

மதுரையில பெரிய டாக்டரு, “டெஸ்ட்டு முடியுமுன்ன கோதுமைய நிறுத்திராதீக, நிறுத்துனா நோவு ஒளிஞ்சுக்கிரும்”னாராம். ரத்தம் எடுத்து, கொடல்ல துளி கிள்ளிப் பாத்து, சீலியாக்னு சொல்லிட்டாரு, கோதுமை திங்கிற வடக்கத்திப் பக்கம் அதிகம் வர்ற நோவாம். கோதுமை, பார்லியில இருக்குற குளூட்டன் புள்ள கொடலை அரிக்குது. மருந்து கிடையாது. ஆயுசுக்கும் விலக்கி வைக்கிறதுதான் மருந்து.

நானே ஒரு சீட்டு எழுதி செல்விக்கு ஒண்ணு கொடுத்து, கடையிலயும் ஒண்ணு ஒட்டுனேன். இட்லி, கேப்பை, கம்பு ஆகும். மைதா, ரவை, சேமியா, பிஸ்கட்டு, கோதுமை மாவு கலந்த கூட்டுப்பெருங்காயம், பார்லி ஆகாது. பாக்கியம் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு மோவாயில கை வச்சாக: “பரோட்டாவுக்குப் பேர்போன சில்லாவுல பொறந்துட்டு, இவளுக்கு இருக்குற கொழுப்பப் பாரேன்!”

ஒட்டு

மூணு மாசம். கடைத் தராசுல புள்ளைய உக்கார வச்சா முள்ளு அசையல. செல்வி அளுதா. “கோதுமைங்கிற பேச்சே வீட்டுல இல்ல அண்ணாச்சி.” அவ பேசப் பேச, யாழினி அம்மா வெரலைப் பிடிச்சுச் சப்பிக்கிட்டு இருக்கா. வெரல் பூராம் வெள்ளையாக் காஞ்ச பொருக்கு.

“இது என்னத்தா?”ன்னேன். “குழாய்ப் பசை.” “எதுல காய்ச்சுனது?” அவ தன் கையவே பாத்தா. சீசன் நேரம், லோடு ஏத்த ஆளு வந்து நிக்குது, வீட்டுக்கு வேற பொழப்பு கெடையாது. குழாய் உருட்டுறத நிறுத்துன்னு நான்தான் சொன்னேன். ரொம்ப மெதுவாக் கேட்டா: “மைதாவத் திங்கத்தான கூடாதுன்னாக, ஒட்டவுமா கூடாது?”

டப்பா

நிறுத்திட்டா. ரெண்டு மாசம் கழிச்சு வந்தா, கை சுத்தமா இருந்துச்சு, மொகம்தான் வத்திப்போச்சு. தராசு முள்ளு அங்கனயேதான் நின்னுச்சு. புள்ளைக்கு அளக்கூடத் தெம்பில்ல.

மனசு கேக்காம, எப்பவும் போல பல்லி மாதிரி கத்திக் காட்டுனேன். எப்பவும் போல, புள்ளைக எடை ஏறக் கொடுக்குற மால்ட்டு மாவு டப்பாவத் தொறந்து ஒரு சிட்டிகை அவ நாக்குல வச்சேன். அன்னைக்குச் சீட்டோட நான் கொடுத்து விட்ட அதே டப்பாதான் செல்வி வீட்டுலயும், நெதமும் ரெண்டு கரண்டி. புள்ள நாக்கைச் சப்புக்கொட்டுச்சு. அந்நேரம் தைலம் வாங்க நின்ன சாத்தூர்க்காரரு, பொழுது போகாம டப்பாவத் திருப்பிப் பாத்தாரு. செவத்துல நான் ஒட்டுன சீட்டைப் பாத்தாரு. வெடுக்குன்னு சொல்லிட்டாரு: “அண்ணாச்சி, பார்லி ஆகாதுன்னு நீங்களே எழுதி ஒட்டிருக்கீக, இந்த டப்பாவுல மொத எழுத்தே பார்லிதான?”

செல்வி தன் கையப் பாக்கல, என் கையப் பாத்தா.