காற்றில்லாத கோர்ட்

எங்கள் பக்கம் ஷட்டில் ஆட வாடகைக்குக் கிடைப்பவை இரண்டே கோர்ட்டுகள். தென்காசி டவுனுக்குள் இருப்பது நாலு பக்கமும் அடைத்து, மரத்தளம் போட்டது. மணிக்கு நானூறு ரூபாய். குற்றாலம் ரோட்டில் இருப்பது பழைய நெல் குடோன். அங்கே நூற்றைம்பதுதான், ஆனால் மேற்குச் சுவர் இடுப்பளவே. சாரல் காலத்தில் மலைக்காற்று உள்ளே புகுந்து பந்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடும். பாதிப் பேர் ஒரே நாளில் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நாற்பத்தேழு வயதுக்காரி விளையாட நானூறு ரூபாய் கேட்டால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் எதிர்வீட்டுக்காரியும் குடோனுக்கே போனோம். மூன்று சாரல் ஆடினோம். மேற்கே ஒரு முழம் தள்ளி அடித்தால் காற்றே பந்தைக் கோட்டுக்குள் கொண்டுவந்து போடும் என்று கை பழகிவிட்டது.

போன ஆடியில் டவுன் கோர்ட்டில் ஆடும் இரண்டு காலேஜ் டீச்சர்கள் குடோனுக்கு வந்து எங்களிடம் தோற்றார்கள். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அதில் உயரமானவள் என் காதுபடவே சொன்னாள்:

"அவங்களா ஆடுதாங்க? காத்துல்லா ஆடுது!"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்று வருஷம் வியர்வை சிந்தியது நான், பெயர் காற்றுக்கா?

அங்கேயே அவர்களை மறு ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். மறு ஆட்டம் என்றால் ஜெயித்தவர்கள்தான் கோர்ட்டைச் சொல்ல வேண்டும், வாடகையும் அவர்களுடையது. இது எங்களுக்குள் வழக்கம். குடோன் என்று சொல்லியிருந்தால் நிம்மதி. நான் டவுன் கோர்ட்டைச் சொன்னேன்.

"எக்கா, கிறுக்கு பிடிச்சிருக்கா ஒங்களுக்கு?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ஆடுதது நாமளா காத்தான்னு பார்த்துருவோம்ட்டி."

முதல் கேமில் மானம் போயிற்று. அசையாத காற்றில் நான் அடித்த பந்தெல்லாம் மேற்குக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. இடம் வலம் மாறி நின்றாலும் மேற்கு எங்கே என்று கை கண்டுபிடித்துவிடுகிறது!

"எக்கா, இங்கன ஏது காத்து? எதுக்கு வெளிய தள்ளுதிய?"

இரண்டாவது கேமில் கோட்டை ஒட்டி அடிக்கிற ஆசையையே விட்டேன். டீச்சர்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் அடித்தேன். நீ எடு, நான் எடு என்று அவர்கள் தடுமாற, அந்தக் கேம் எங்களுக்கு வந்தது. அதற்குள் என் கையும் வழிக்கு வந்திருந்தது.

மூன்றாவது கேமில் எங்களுக்கு இன்னும் ஒரு பாயிண்ட் போதும். பந்து உயரே எழும்பி என்னிடம் வந்தது. ஒரு முழமும் தள்ளாமல், நேராக மேற்குக் கோட்டைப் பார்த்தே அடித்தேன். கோட்டின் மேலேயே விழுந்தது.

உயரமானவள் வந்து கை கொடுத்தாள். "அக்கா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு." எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அடக்கமாக இருந்தேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன்.

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டியதும் காற்று என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது.

"இன்னைக்கு ஜெயிச்சதுல ஒனக்குப் பங்கு கிடையாது, கேட்டியா?" என்று அதனிடம் சத்தமாகவே சொன்னேன்.