பியோனியை முருங்கை என்று நினைத்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் கோப்பியோடு பின்கதவைத் திறக்கிறேன். மேலேயிருந்து ஒரு குரல்.

"எத்தனை?"

இரண்டாம் மாடி யன்னலில் மதாம் இவெத். எண்பத்து மூன்று வயது. பொன்ஜூர் கிடையாது, சுகமா என்ற கேள்வி கிடையாது... நேரே கணக்குத்தான்.

"நான்கு!" என்று கத்தினேன்.

"நேற்றும் நான்குதானே?"

"இன்றும் நான்குதான் மதாம். ஒன்றும் கருகவில்லை."

யன்னல் மூடிக்கொண்டது. சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள்: "நீங்கள் செய்த வேலைக்கு அந்த மனிசி உங்களோடை கதைக்கிறதே பெரிய காரியம்."

உண்மைதான். மறுத்துப் பேச என்ன இருக்கிறது?

நாங்கள் எண்ணிக்கொண்டிருப்பது பியோனி மொட்டுகளை. பிரெஞ்சில் பிவ்வான் என்பார்கள். மதாம் இவெத் கல்யாணமான புதிதில் நட்ட செடி. இந்த மாதக் கடைசியில் மகள் வந்து அவரைத் தன் ஊருக்குக் கூட்டிப்போகிறாள். அதற்குள் அது பூக்க வேண்டும். போன வருடம் அது பூக்கவே இல்லை. காரணம் வெயில் இல்லை, மழை இல்லை, பூச்சி இல்லை. நான்!

கதையை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

மார்க்ஸ் டோர்மோய் பக்கம் இந்தக் கீழ்த்தள வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூன் கடைசியில். பின்னால் நாலு பாய் விரிக்கக்கூடிய அளவு மண். பாரிஸில் வாடகை வீட்டோடு மண்ணும் கிடைத்தால் அதற்குப் பெயர் தோட்டம்தான். அதுவரை அதைப் பார்த்துவந்தவர் மதாம் இவெத். முழங்கால்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டதால் படி இறங்க முடியவில்லை. நாங்கள் வந்த மறுநாளே மேல் யன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. உள்ளே கிளை வெட்டும் கத்தரி. இங்கே அதை செக்கத்தர் என்போம். கைப்பிடியில் சிவப்பு வர்ணம் தேய்ந்துபோயிருந்தது.

"நடுவில் நிற்கும் செடியை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

பார்த்துக்கொண்டேன். எப்படி?

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. செடியில் பூ இல்லை, ஒன்றும் இல்லை. இடுப்பளவு இலை மட்டும் மங்கிப்போய்ச் சரிந்து கிடந்தது. என் யாழ்ப்பாண மூளை உடனே தீர்ப்புச் சொன்னது: காய்த்து முடிந்த முருங்கை. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பழமொழியின் பின்பாதி பிரான்ஸில் செல்லாது என்று எனக்குத் தெரியும். முன்பாதியும் செல்லாது என்று யார் சொன்னார்கள்?

பத்து நிமிடம். தரையோடு தரையாக வெட்டினேன். சுத்தமாகக் கூட்டி அள்ளினேன். நிமிர்ந்து, பாராட்டை எதிர்பார்த்து மேலே பார்த்தேன்.

மதாம் இவெத் கத்தவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கூடை இறங்கியது. வெறும் கூடை.

"என் செக்கத்தரை அதில் வையுங்கள், முசியூ."

வைத்தேன். கூடை மேலே போனது. பள்ளிக்கூடத்தில்கூட என்னிடமிருந்து யாரும் எதையும் இப்படிப் பறித்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அன்று மாலை மாடிக்கு மன்னிப்புக் கேட்கப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. பியோனி மேயில் பூக்கும். பூ வாடியதும் அந்தப் பூத்தலையை மட்டும் கிள்ளிவிடலாம். இலையைத் தொடக்கூடாது. கோடை முழுக்க அந்த இலைகள்தான் வெயிலில் நின்று கிழங்குக்குச் சமைத்துப் போடுகின்றன. அடுத்த வருடத்துப் பூ அந்தச் சாப்பாட்டில்தான் உருவாகிறது. இலை பழுத்துக் கருகி விழும் நவம்பரில்தான் தரையோடு வெட்ட வேண்டும். நான் செய்ததும் அதே வெட்டுத்தான்... நாலு மாதம் முன்னால் செய்துவிட்டேன். அடுப்பில் உலை கொதிக்கும்போதே சமையற்காரனைத் துரத்திய மாதிரி.

அதோடு அவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். அடுத்த மே வந்தது. நோஞ்சான் இலைகள் ஏழெட்டு. மொட்டு? ஒன்றுகூட இல்லை. மேலே யன்னலில் ஒரு முகம் தினமும் வந்து வந்து போனது.

இங்கேதான் நான் இரண்டாவது தவறைச் செய்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது... பரவாயில்லை, நீங்கள் நம்முடைய ஆட்கள்.

ஃபொபூர் சேன்-தெனி கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போன இடத்தில், ஒருவர் வாளியில் பியோனிப் பூ வைத்து விற்றுக்கொண்டிருந்தார். கொழுகொழுவென்று ரோஸ் நிறம். ஒரு கட்டு வாங்கிவந்து, மனைவி பார்க்குமுன் செடியின் இலைகளுக்கு நடுவே மண்ணில் குத்திவைத்தேன். இரண்டாம் மாடிக் கண்ணுக்கு இது போதாதா?

யன்னல் திறந்தது. மதாம் இவெத் எட்டிப் பார்த்தார்.

"முசியூ... என் பிவ்வான் வெள்ளை."

நாங்கள் குடிவந்ததே பூ முடிந்த பிறகுதானே! என்ன நிறம் என்று எனக்கு எப்படித் தெரியும்? மனைவி ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "களவு செய்யவும் ஒரு மூளை வேணுமப்பா!" மேலே மதாம் இவெத் சிரிக்கத் தொடங்கினார். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றுதான் எங்களுக்குள் மறுபடி பேச்சு வந்தது.

அதற்குப் பிறகு நான் அந்தச் செடிக்குச் செய்தது ஒன்றுதான்: ஒன்றும் செய்யாமல் இருந்தது. கோடை முழுக்க அந்த மங்கின இலைகளைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டியிருந்தேன். கார்த் செஜூர் என்ற வதிவிட அட்டைக்கு ஒன்பது வருடம் காத்திருந்தவன், ஒரு செடிக்குக் காத்திருக்கத் தவித்தேன். வேடிக்கை இல்லையா? நவம்பரில் செக்கத்தர் கூடையில் இறங்கியது. "உங்கள் மனைவியின் கைக்கு மட்டும்" என்ற உத்தரவோடு! மனைவி வெட்டினாள். நான் குப்பைப் பை பிடித்தேன்.

மார்ச்சில் மண்ணைக் கீறிக்கொண்டு செந்தண்டுக்கீரை போலச் சிவப்பு முளைகள். ஏப்ரலில் மொட்டுகள். ஒன்று, இரண்டு... நான்கு. யன்னல் கணக்கெடுப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இந்தப் புதன்கிழமை காலை முதல் மொட்டு விரிந்தது. வெள்ளை. நடுவில் மட்டும் குங்குமம் தொட்ட மாதிரி ஒரு சிவப்புக் கீற்று. நான் கூப்பிடுமுன்பே மேலே யன்னல் திறந்திருந்தது. கூடை இறங்கியது. உள்ளே செக்கத்தர். இந்த முறை யார் கைக்கென்று உத்தரவு எதுவும் இல்லை.

நான் மனைவியைப் பார்த்தேன். முதல் பூ பிள்ளையாருக்கு என்று அவள் ஏப்ரலிலேயே நேர்ந்திருந்தது எனக்குத் தெரியும்.

"பிள்ளையார் இஞ்சைதானே இருக்கப்போறார்" என்றாள். "அவ போறா. அவவுக்கே குடுங்கோ."

காம்பைக் குட்டையாக, ஒரு இலையும் போகாமல் வெட்டினேன். பூவையும் செக்கத்தரையும் கூடையில் வைத்தேன். மேலே போனது. ஒரு நிமிடம் கழித்துக் கூடை திரும்ப வந்தது. பூ இல்லை. செக்கத்தர் இருந்தது.

"அது இனிக் கீழேயே இருக்கட்டும்" என்றார். பூவை முகத்தோடு வைத்திருந்தார். "ஒக்டோபரில் கிழங்கில் ஒரு துண்டு எடுத்து மகள் வீட்டுக்கு அனுப்புவீர்களா? அங்கே தோட்டம் இருக்கிறது."

"அனுப்புகிறேன் மதாம். ஆனால்... இடம் மாற்றினால் இரண்டு மூன்று வருடம் பூக்காது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"அதனால்தான் இந்த வருடமே கேட்கிறேன்!"

எண்பத்து மூன்று வயது! நம்மில் எத்தனை பேர் ஐம்பதிலேயே 'இனி என்ன இருக்கு' என்று பெருமூச்சு விடுகிறோம்? அடுத்த தடவை எனக்கு அந்தப் பெருமூச்சு வந்தால், பின்கதவைத் திறந்து அந்தச் செடியைப் பார்க்கப்போகிறேன்.

கிழங்கை எடுக்க ஒக்டோபர் வர வேண்டும். அதற்கு முன் ஜூலை வரும். இலைகள் மங்கும், சரியும், என் கை அரிக்கும்.

செக்கத்தர் அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது. திறப்பு மனைவியிடம்.