வீட்டுக்கு நான் இருக்கிறேன்

மைக் கட்டிய ஆட்டோவை நான் எப்போதுமே நம்பியதில்லை. எங்கள் கண் முகாம் குழுவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தாம்பரம் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வீட்டு மருமகள், ஞாயிற்றுக்கிழமை சேவைக்கு வருகிறவள், இவளுக்கு என்ன தெரியும் என்ற சிரிப்பு அது. கடைக்கு ஆள் வர வேண்டுமென்றால் கத்தக் கூடாது, பேச வேண்டும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

செம்பாக்கம் தாண்டி ஓர் ஏரிக்கரை, அதை ஒட்டிக் குடிசைகள். அங்கே பலருக்குக் கண்புரை என்று கேள்விப்பட்டு, முகாமுக்கு முதல் நாள் ஆட்டோவை அனுப்பினார்கள். ‘அன்பார்ந்த பொதுமக்களே’ என்று மைக் ஆரம்பித்ததுதான் தாமதம், பெண்கள் பாத்திரங்களை மூட்டை கட்டினார்கள், ஆண்கள் கூரையிலிருந்து தார்ப்பாயை உருவினார்கள். இலவசக் கண் சிகிச்சை என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி ஜனம் சாமான்களோடு ரோட்டில் நின்றது. முந்தைய வருடம் இதே போல ஒரு மைக் வந்து போன பிறகுதான் ஜேசிபி வந்து குடிசைகளை இடித்திருக்கிறது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முகாமுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை.

எனக்கு வந்ததே கோபம். அடுத்த வாரம் தண்ணீர் லாரி வரும் நேரம் பார்த்து, நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். அங்கேதான் இட்லி விற்கும் அக்காவைப் பிடித்தேன். ஒரு கண் முழுக்க வெளுத்துவிட்டது, மற்றதும் மங்கிக்கொண்டிருந்தது. ஆவி பட்டு விரலெல்லாம் கொப்புளம். தனிக்கட்டை; அடுப்பு அணைந்தால் சாப்பாடு இல்லை. எங்கள் டாக்டரை அங்கேயே கூட்டிவந்து காட்டினேன். இனியும் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்றார்.

“ஆஸ்பத்திரில போயி படுத்துக்கினா வூட்ட யாரு பாத்துக்குவா? போன தபா ஆளில்லாத வூட்டத்தான் மொதல்ல இட்ச்சானுங்க.”

“பூட்டிட்டுப் போங்கக்கா.”

“பூட்டு இன்னாம்மா பண்ணும்? வண்டி வந்தா நா குறுக்க ஒக்காருவேன். பூட்டு ஒக்காருமா?”

“சரி, நான் உக்கார்றேன்.”

“நீயா? ஒன்னிய கொசு தூக்கிகினு பூடும்” என்று சிரித்தாள். ஆனால் ஒத்துக்கொண்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் என் கணவர், “உனக்கென்ன பைத்தியமா?” என்றார். “நீங்க தொழப் போறப்ப நம்ம கடையைப் பக்கத்துக் கடை அண்ணன் பாத்துக்கறாரில்ல, அந்த மாதிரிதான்” என்றேன். அவர் ஒரு டப்பா கொசுவத்தியைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அக்கா வேனில் ஏறிப் போனதும் முக்காலியை எடுத்துப் போட்டு அவள் வாசலில் உட்கார்ந்தேன். பக்கத்துக் குடிசைப் பெரியவருக்கும் புரைதான். எவ்வளவு சொல்லியும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றவர். அடிக்கொரு தரம், “கீறியாம்மா, பூட்டியா?” என்று குரல் கொடுத்து என்னைச் சோதித்தார்.

“இருக்கேன் இருக்கேன்!”

மறுநாள் மதியம் தூரத்தில் மைக் சத்தம். வார்த்தை புரியவில்லை. என் கை தானாகவே அக்காவின் இட்லிப் பானையைத் தூக்கிவிட்டது. அந்த ஜனங்கள் எதைக் கேட்டு ஓடினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பானையை வைத்துவிட்டு, முக்காலியைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வரட்டும், எந்த வண்டி வந்தாலும் எழுந்திருப்பதில்லை.

வந்தது உப்பு விற்கிற வண்டி. வந்த ஆத்திரத்துக்கு ஒரு பாக்கெட் வாங்கி வைத்தேன்.

சாயங்காலம் வேன் திரும்பியது. கறுப்புக் கண்ணாடியோடு இறங்கிய அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அடுப்பு வரைக்கும் எட்டிப் பார்த்தாள்.

“கீது” என்றாள்.

பிறகு என் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்துக் குடிசையைப் பார்த்துக் கத்தினாள்:

“யோவ் பெருசு! நீ போயி கண்ணக் காட்டிகினு வா. ஒன் வூட்டுக்கு நா கீறேன்.”